மழை பெய்தது, கணிப்பொறி சுழி என்றது

எங்கள் தாத்தா வீடு பாலக்காட்டுக்குத் தெற்கே, கொல்லங்கோட்டுப் பக்கம். என் சிறு வயதில் அறுவடை முடிந்ததும் களத்தில் நெல்லைப் பறையால் அளப்பார்கள். 4 நாழி 1 இடங்கழி, 10 இடங்கழி 1 பறை. எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போனால் கணக்கு வேறு. அங்கே 8 படி 1 மரக்கால், 12 மரக்கால் 1 கலம். அந்தப் படியிலும் பட்டணம் படி வேறு, உள்ளூர்ப் படி வேறு.

ஒரு வருடம் பொள்ளாச்சிச் சம்பந்தி வீட்டுக்கு நெல் அனுப்பினார்கள். வண்டிக்காரரிடம் கொடுத்த சீட்டில் '20' என்று மட்டும் எழுதியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் மனஸ்தாபம் வந்து, ஒரு தீபாவளிக்குப் போக்குவரத்தே நின்று போயிற்று. கடைசியில் தாத்தா சொன்னார்: "நெல்லு சரியாத்தான் போச்சு. இருபதுன்னு எழுதினவன் எதுல இருபதுன்னு எழுதலை. அதுதான் தப்பு."

ஐம்பது வருடங்களுக்குப் பிறகு, ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, அதே தப்பை நானே செய்தேன். நெல்லில் அல்ல, கணிப்பொறியில். வாசகர்களுக்கு, முக்கியமாகக் கணிப்பொறி படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு, உதவும் என்று அந்தக் கதையை எழுதுகிறேன். நான் டிப்ளமோ படித்தவன். பெரிய கோட்பாடெல்லாம் தெரியாது. கையால் செய்து, பட்டுத் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன்.

டீச்சரின் கண்ணாடிக் குழாய்

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்ததை நம்மவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தேயிலைத் தோட்ட லயங்களில் உறங்கிக் கொண்டிருந்த 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலை ஏறியவர்களின் வழிவந்தவர்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப் போயிருந்ததால் செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆயிற்று.

அந்தப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பணிபுரியும் டீச்சர் ஒருவர் எங்களுக்குத் தூரத்து உறவு. மழைமானி ஒன்றை வைத்துக் கொண்டு, வானிலைத் துறை வழக்கப்படி தினமும் காலை 8.30 மணிக்குக் கண்ணாடிக் குழாயில் அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருபவர். ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது என்னிடம் சொன்னார்: "ஸார், காலையில அளந்தா நேத்து மொத்தம் எவ்வளவுன்னுதான் தெரியுது. ராத்திரி எத்தனை மணிக்கு எவ்வளவு கொட்டுச்சுன்னு தெரியலை. நூறு மில்லிமீட்டர் நாள் பூரா பெய்யறதும் மூணு மணி நேரத்துல பெய்யறதும் ஒண்ணா?"

நியாயமான கேள்வி. நிலச்சரிவை முன்கூட்டிச் சொல்வது பெரிய விஞ்ஞானம். மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் மண்ணுக்குள் உணர்கருவிகள் இறக்கி 2009 முதல் அந்த வேலையைச் செய்து வருகிறார்கள். அது நம்மால் ஆகாது. ஆனால் மணிக்கணக்கில் மழை அளப்பது நம்மால் ஆகும் என்று நினைத்தேன். என் தங்கை மகன் கோயம்புத்தூரில் பொறியியல் கடைசி வருடம் படித்துக் கொண்டிருந்தான். இருவரும் இறங்கினோம்.

கருவி எளிது. புனலுக்குக் கீழே ஏற்றப் பலகை போல இரண்டு சிறு கிண்ணங்கள். 0.2 மில்லிமீட்டர் மழை சேர்ந்தால் ஒரு கிண்ணம் கவிழும், அடுத்தது மேலே வரும். ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஒரு காந்தம் சுவிட்சை ஒரு முறை மூடும். அந்தத் துடிப்பை எண்ணினால் போதும். வீட்டில் கிடந்த பழைய 32 பிட் கம்ப்யூட்டரில், பிரிண்டர் போர்ட் வழியாகத் துடிப்பைக் கொடுத்தோம். லினக்ஸ் கெர்னலுக்குள் உட்கார்ந்து எண்ணும் டிரைவரை மருமகன் எழுதினான். அந்த எண்ணிக்கையை எடுத்து மணிவாரியாகத் திரையில் காட்டும் நிரலை நான் எழுதினேன். பாலக்காட்டில் மொட்டை மாடியில் வைத்துச் சோதித்தோம். டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றினோம். கணக்கு துல்லியம்.

மலைக்கு அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொண்டு போக முடியாது. பாட்டரியில் ஓடாது. ஆகவே அதே லினக்ஸ் ஓடும் கையகல ஏ.ஆர்.எம். போர்டு ஒன்றை வாங்கினோம். துடிப்பு வரும் கம்பி எது என்பதை மட்டும் மருமகன் டிரைவரில் மாற்றினான். என் நிரலை ஒரு வரி மாற்றவில்லை. பிழையில்லாமல் கம்பைல் ஆயிற்று, ஓடியது. "சரி" என்று திரையில் வந்தது. அந்தத் திருப்தியில் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்க்காமலே மூட்டை கட்டினோம். உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக ஏறிப் போய்ப் பள்ளி வராந்தாவில் பொருத்திவிட்டு வந்தோம். அன்று வெயில்.

ஆடி மாதம். மலையாளத்தாருக்குக் கர்க்கடகம். ஒரு காலை டீச்சரிடமிருந்து போன்.

"ஸார், உங்க மெஷின் ராத்திரி மழையே பெய்யலைன்னு சொல்லுது. எல்லா மணிக்கும் சுழி, பக்கத்துல 'சரி'ன்னும் இருக்கு. என் கண்ணாடியில 94 மில்லிமீட்டர் நிக்குது. நான் எதை நம்பறது?"

கண்ணாடியை நம்புங்கள் என்றேன். போனை வைத்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று ரயில்வேக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிக்னல் துறையின் முதல் பாடம் இது: கம்பி அறுந்தாலும், மின்சாரம் போனாலும், ரிலே பழுதானாலும் சிக்னல் சிவப்புக்குத்தான் போக வேண்டும். பழுதாகிப் பச்சை காட்டினால் அதற்கு 'ராங் சைடு ஃபெயிலியர்' என்று பெயர். அப்படி ஒன்று நடந்தால் பிரிவே தூங்காது. கொட்டும் மழையில் 'சுழி, சரி' என்று காட்டிய எங்கள் கருவி அச்சு அசலான ராங் சைடு ஃபெயிலியர். செய்தவன் நான்.

கெர்னலும் பக்கமும்

என்ன நடந்தது என்று புரிய வேண்டுமானால், கணிப்பொறி தன் நினைவகத்தை எப்படிப் பங்கிடுகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. ஸ்டேஷன் மாஸ்டர் போல. எந்த நிரல் எப்போது ஓடலாம், யாருக்கு எவ்வளவு நினைவகம் என்பதெல்லாம் அதன் கையில். அது நினைவகத்தைப் பைட் பைட்டாகக் கொடுப்பதில்லை. 'பக்கம்' என்ற ஒரே அளவுள்ள துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறது. பக்கம்தான் அதன் பறை. இந்தப் பறையின் அளவைத் தீர்மானிப்பது பிராசஸர். ஒரு பிராசஸர் பல அளவுகளை அனுமதித்தால் அதில் ஒன்றைக் கெர்னல் தேர்ந்து கொள்ளும்.

அது ஊருக்கு ஊர் மாறும். 1977-ல் வந்த வாக்ஸ் இயந்திரத்தில் பக்கம் 512 பைட். நம் மேஜைக் கம்ப்யூட்டர்களின் எக்ஸ் 86 வகையில் 4 கிலோபைட். ஆல்ஃபாவிலும் 64 பிட் ஸ்பார்க்கிலும் 8 கிலோபைட். பவர் வகைச் சர்வர்களின் லினக்ஸில் பெரும்பாலும் 64 கிலோபைட். ஏ.ஆர்.எம். 64 பிட் பிராசஸரில் 4, 16, 64 என்று மூன்றில் ஒன்றை இயங்குதளம் தேர்ந்தெடுக்கலாம். ஒரே கம்பெனியின் லினக்ஸில்கூட இது மாறியிருக்கிறது. ரெட் ஹாட் 8-ஆம் பதிப்பில் ஏ.ஆர்.எம். கெர்னலுக்கு 64 கிலோபைட் பக்கம், 9-ஆம் பதிப்பில் 4 கிலோபைட். ராஸ்ப்பெரி பை 5 போர்டுக்கென வரும் இயங்குதளத்தில் 16. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போன் வரைக்கும் இது வந்தாயிற்று. 2024-ல் வந்த ஆண்ட்ராய்டு 15 முதல் 16 கிலோபைட் பக்கத்துக்கும் இடம் தந்திருக்கிறார்கள்.

சிறிய பக்கம் நல்லதா, பெரிய பக்கம் நல்லதா? சிறியதில் வீணாவது குறைவு. நூறு பைட் உள்ள ஒரு சின்ன ஃபைலை நினைவகத்தில் வைத்தாலும் முழுப் பக்கம் ஒன்று போய்விடும். அப்படி ஆயிரம் ஃபைல்கள் என்றால் 4 கிலோபைட் பக்கத்தில் ஏறக்குறைய 4 மெகாபைட், 64 கிலோபைட் பக்கத்தில் ஏறக்குறைய 64 மெகாபைட். ஆனால் பெரிய பக்கத்தில் வேகம் உண்டு. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற பெரிய பட்டியலின் ஒரு சின்ன நகலைப் பிராசஸர் கையில் வைத்திருக்கும், டிக்கெட் பரிசோதகர் கையில் சார்ட் வைத்திருப்பது போல. பக்கம் பெரிதானால் அதே சார்ட்டில் அதிக இடம் அடங்கும்.

பாகப்பிரிவினை

கெர்னல் பக்கங்களைப் பங்கிடும் முறைக்கு ஆங்கிலத்தில் 'பட்டி' முறை என்று பெயர். கென்னத் நோல்டன் 1965-ல் இதைப் பற்றி எழுதினார். நான் இதைப் பாகப்பிரிவினை என்று சொல்வேன். ஒரு பெரிய நிலத்தைச் சரிபாதியாக வெட்டுவது, தேவைப்பட்டால் பாதியை மறுபடி பாதியாக வெட்டுவது. 3 பக்கம் கேட்டால் 4 பக்கத் துண்டு கிடைக்கும். திருப்பிக் கொடுக்கும்போது, அந்தத் துண்டின் கூடப் பிறந்த பாதியும் காலியாக இருந்தால் இரண்டும் ஒட்டிக் கொள்ளும். சொந்தச் சகோதரனோடு மட்டும்தான் ஒட்டும். பக்கத்து வீட்டுக்காரனோடு ஒட்டாது. 4 கிலோபைட் பக்கமுள்ள வழக்கமான எக்ஸ் 86 லினக்ஸில் இப்படிக் கிடைக்கும் மிகப் பெரிய துண்டு 1024 பக்கம், அதாவது 4 மெகாபைட். இந்த உச்சவரம்பும் பிராசஸரையும் பக்க அளவையும் பொறுத்து மாறும்.

சின்னச் சின்னத் தேவைகளுக்கு ஒரு பக்கம் முழுதும் கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதற்குச் 'ஸ்லாப்' முறை. ஜெஃப் பான்விக் என்பவர் சன் கம்பெனியின் சொலாரிஸ் இயங்குதளத்துக்காக உருவாக்கி 1994-ல் விளக்கினார். மொத்த வியாபாரியிடம் மூட்டையாக வாங்கி, ஒரே அளவுப் பொட்டலங்களாகக் கட்டி வைத்திருக்கும் மளிகைக்கடை போன்றது. லினக்ஸில் இப்படி மூன்று கடைகள் இருந்தன. ஸ்லாப், ஸ்லோப் இரண்டையும் 2023, 2024-ல் மூடிவிட்டார்கள். 2007-ல் வந்த ஸ்லப் ஒன்றுதான் இப்போது நடக்கிறது.

பொட்டலத்தின் குறைந்தபட்ச அளவிலும் பிராசஸர் வித்தியாசம் உண்டு. எக்ஸ் 86-ல் 8 பைட் கேட்டால் 8 பைட். ஏ.ஆர்.எம். 64 பிட்டில் நெடுங்காலம் 8 பைட் கேட்டாலும் 128 பைட்தான் கிடைத்தது. சில ஏ.ஆர்.எம். இயந்திரங்களில் வெளிக்கருவி நினைவகத்தில் எழுதுவது பிராசஸரின் கேஷுக்குத் தெரியாது. இரண்டு பேர் சாமான் ஒரே பெட்டியில் இருந்தால், ஒருவர் சாமானை எடுக்கும்போது மற்றவருடையது கலைந்துவிடும். அந்தப் பயத்தில் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். 2023-ல் வந்த லினக்ஸ் 6.5-ல்தான் இதற்கு மாற்று வழி கண்டு அளவைக் குறைத்தார்கள்.

சேர்ந்த பர்த்தும் சிதறிய பர்த்தும்

ரிசர்வேஷன் கவுன்ட்டரில் நின்றவர்களுக்கு மீதி எளிதில் விளங்கும். 6 பேருக்கு டிக்கெட் கேட்கிறீர்கள். ஒரே பகுதியில் 6 பர்த் கிடைத்தால் சந்தோஷம். கெர்னலில் இதற்குக் 'கே-மால்லாக்' என்று பெயர். நினைவகத்தில் உண்மையிலேயே அடுத்தடுத்த இடம். வண்டியில் 200 பர்த் காலியாக இருந்தும் சேர்ந்தாற்போல் 6 இல்லாமல் போகலாம். அப்போது 'வி-மால்லாக்'. பர்த்துகள் வேறு வேறு கோச்சில் இருக்கும். ஆனால் ஒரே டிக்கெட்டில் 1 முதல் 6 வரை வரிசையாக அச்சாகியிருக்கும். நிரலுக்கு வரிசை தெரியும், சிதறல் தெரியாது.

வேண்டிய அளவு காலியாக இல்லை என்றால்? சாதாரணமாகக் கேட்டவரைக் கெர்னல் வெயிட்டிங் லிஸ்டில் வைக்கும். யாராவது இடம் விட்டதும் கொடுக்கும். ஆனால் எங்கள் மழைக் கிண்ணம் கவிழ்ந்து துடிப்பு வரும் நொடியில் ஓடும் நிரல் காத்திருக்கக் கூடாது. காத்திருந்தால் இயந்திரமே நின்றுவிடும். அதற்கு எமர்ஜென்சி கோட்டா மாதிரி ஒரு சிறு கையிருப்பு உண்டு. அதிலும் இல்லையென்றால் உடனே 'இல்லை' என்று சொல்லிவிடும். ஆகவே துடிப்பு வரும் நேரத்தில் எதையும் கேட்காமல், முதலிலேயே இடம் வாங்கி வைத்துக் கொள்வதுதான் நல்ல டிரைவருக்கு அழகு. மருமகன் அப்படித்தான் எழுதியிருந்தான்.

வெளிக்கருவிகள் நேராக நினைவகத்தில் எழுதும்போது இன்னொரு கட்டுப்பாடு வரும். மூணாறு தேயிலை முன்னாளில் எப்படி இறங்கியது தெரியுமா? மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-ல் போட்ட ஒற்றைத் தண்டவாளம். 1908-ல் அது 2 அடி அகல ரயில் பாதையாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ரோப்வே. அங்கிருந்து போடிநாயக்கனூர். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்தது. ரயில் எவ்வளவு சுமந்தாலும், ரோப்வேயில் தொங்கக்கூடிய எடைக்குத்தானே பெட்டி கட்ட முடியும்? அதுபோலப் பழைய ஐ.எஸ்.ஏ. கார்டுகளுக்கு முகவரிக் கம்பிகள் 24 மட்டுமே. அவை நினைவகத்தின் முதல் 16 மெகாபைட்டைத் தாண்டிப் பார்க்காது. கம்ப்யூட்டரில் 2 கிகாபைட் இருந்தாலும் அந்தக் கார்டுக்கு முதல் 16-க்குள்தான் இடம் ஒதுக்க வேண்டும்.

பிராசஸருக்கும் பார்வை எல்லை உண்டு. 32 பிட் எக்ஸ் 86 லினக்ஸில் கெர்னல் நேராகத் தொடக்கூடியது வழக்கமாக 896 மெகாபைட். 32 பிட் மிப்ஸில் 512 மெகாபைட். அதற்கு மேலுள்ளதை அவ்வப்போது ஜன்னல் திறந்து பார்க்க வேண்டும். 64 பிட்டில் அந்தத் தொல்லை இல்லை.

ரயில்வே கற்றுத் தந்த பாடம்

பிராசஸர் மாறினால் பறை மாறும் என்பது நம் ரயில்வேக்குப் பழைய அனுபவம். டெல்லியில் 1985-86-ல் தொடங்கிய கணிப்பொறி ரிசர்வேஷன் வாக்ஸ் இயந்திரத்தில் ஓடியது. பிறகு ஆல்ஃபா, அதன் பிறகு ஐடேனியம். மூன்றும் மூன்று விதமான பிராசஸர்கள். வி.எம்.எஸ். என்ற இயங்குதளம் மட்டும் கூடவே வந்தது.

வாக்ஸில் பக்கம் 512 பைட், ஆல்ஃபாவில் 8192. பதினாறு மடங்கு. '20 பக்கம் கொடு' என்று கேட்கும் பழைய நிரல்களெல்லாம் என்ன ஆவது? வி.எம்.எஸ். செய்தவர்கள் அழகான வழி ஒன்று கண்டார்கள். 512 பைட்டுக்குப் 'பேஜ்லெட்' என்று பெயர் வைத்தார்கள். நிரல்கள் பழையபடி அந்தச் சின்ன அளவிலேயே கேட்கலாம். 16 பேஜ்லெட் ஒரு பக்கம் என்று கெர்னல் உள்ளே மாற்றிக் கொள்ளும். கேட்பவர் நாழியில் கேட்கட்டும், நான் பறையில் எடுத்து வைக்கிறேன் என்பது போல.

இதன் அருமை பாலக்காட்டுக்காரர்களுக்குப் புரியும். மீட்டர் கேஜ் 1000 மில்லிமீட்டர், அகலப்பாதை 1676. அளவு மாறியதற்காகப் பொள்ளாச்சி பாதையை 2008 டிசம்பரில் மூடினார்கள். மறுபடி வண்டி ஓடியது 2015 நவம்பரில். இடுக்கி எல்லையைத் தொடும் போடி பாதை 2010 கடைசியில் மூடி 2023 ஜூனில் திறந்தது. ரிசர்வேஷனை அப்படி ஏழு வருடம் மூட முடியுமா? அளவையைப் பெயர் சொல்லிக் கேட்கும் ஏற்பாடு இருந்ததால், நிரல்களையெல்லாம் புதிதாக எழுதாமல் ஒரு பிராசஸரிலிருந்து அடுத்ததற்குக் கொண்டு போக முடிந்தது.

எதில் இருபது?

இப்போது எங்கள் தப்புக்கு வருகிறேன். மருமகனின் டிரைவர் சேர்ந்தாற்போல் 2 பக்கம் வாங்கி, சுழியால் துடைத்து வைத்துக் கொள்ளும். முதல் பக்கத்தில் கருவியின் நிலவரம்: 'சரி' அல்லது 'பழுது'. இரண்டாம் பக்கத்தில் மணிவாரி மழைக் கணக்கு. அவன் 'பக்கம்' என்று பெயர் சொல்லித்தான் எழுதியிருந்தான். பக்கத்தின் அளவைக் கெர்னலிடமிருந்தே வாங்கிக் கொண்டான்.

நான் என் நிரலில் '4096' என்று எழுதியிருந்தேன். 8192 பைட்டைக் காட்டு என்று கெர்னலிடம் கேட்டு, 4096-ஆம் இடத்திலிருந்து மழைக் கணக்கைப் படித்தேன். பழைய கம்ப்யூட்டரில் பக்கம் 4096 பைட். ஆகவே அந்த இடம் இரண்டாம் பக்கத்தின் முதல் வரி. எல்லாம் பொருந்தியது.

புதுப் போர்டில் பக்கம் 16384 பைட். 8192 கேட்டால் கெர்னல் முழுப் பக்கமாக உயர்த்தி, முதல் பக்கத்தை மட்டும் காட்டியது. 4096-ஆம் இடம் அந்த முதல் பக்கத்தின் நடுவில் இருந்தது. அங்கே எதுவும் எழுதப்படவில்லை. துடைத்து வைத்த சுழிகள்தான். நிலவரம் முதல் பக்கத்தின் ஆரம்பத்தில் இருந்ததால் 'சரி' மட்டும் ஒழுங்காக வந்தது. மழைக் கணக்கு 16384-ஆம் இடத்தில், 94 மில்லிமீட்டரையும் வைத்துக் கொண்டு காத்திருந்தது. கெர்னல் மேல் குற்றமில்லை. ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை, வரவும் நியாயமில்லை.

மருமகன் என் நிரலைப் பார்த்து இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தான்.

"மாமா, இந்த 4096 எங்கேர்ந்து வந்தது?"

"பக்கம்னா 4096 தானேடா?"

"நம்ம பழைய கம்ப்யூட்டர்ல, மாமா."

எனக்குத் தாத்தாவின் சீட்டு ஞாபகம் வந்தது.

திருத்தம் இரண்டு. முதலாவது, பக்கம் எவ்வளவு என்று இயங்குதளத்தையே கேட்பது. அதற்கென்றே 'கெட்-பேஜ்-சைஸ்' என்று ஒரு வசதி பல காலமாக இருக்கிறது. அந்த ஒரு வரியில் நோய் தீர்ந்தது.

இரண்டாவது திருத்தம் சிக்னல்காரனின் மனச்சாட்சிக்காக. டிரைவர் இப்போது மழைக் கணக்கின் தலையில் ஒரு அடையாள எண்ணை எழுதுகிறது. என் நிரல் முதலில் அந்த எண்ணைத் தேடும். இல்லையென்றால் சுழி காட்டாது. சிவப்பில் 'தெரியவில்லை' என்று காட்டும். மழை இல்லை என்பது ஒரு செய்தி. மழை உண்டா என்று தெரியாது என்பது வேறு செய்தி. இரண்டுக்கும் ஒரே சுழியைப் போட்டதுதான் நான் செய்த பெரிய தப்பு. 4096 என்பது அறியாமை. சுழி என்பது அஜாக்கிரதை. இந்த முறை 4 கிலோபைட், 16 கிலோபைட் இரண்டிலும் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகே மலை ஏறினோம்.

எல்லையின் இரு பக்கமும்

இன்று பிராசஸர் நம் ஊரிலேயே வடிவமைக்கப்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி', திருவனந்தபுரம் சி-டாக்கில் 'வேகா'. இரண்டும் 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் என்ற பொதுக் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுபவை. யாரும் உரிமத் தொகை கட்டாமல் பயன்படுத்தலாம். இவற்றை ஊக்குவிக்க 2022-ல் மத்திய அரசு ஒரு திட்டமும் அறிவித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, இரண்டுக்கும் ஒரே அளவை. பறைக்கும் மரக்காலுக்கும் சண்டை போட்ட குடும்பத்தில் பிறந்த எனக்கு இது இனிப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் எக்ஸ் 86-ம் ஏ.ஆர்.எம்.மும் எங்கேயும் போய்விடப் போவதில்லை. இன்று எழுதும் நிரல் நாளை எந்தப் பிராசஸரில் ஓடும் என்று எழுதுகிறவருக்கே தெரியாது. கஞ்சிக்கோட்டு ஐ.ஐ.டி.யிலும், கோவை, தேனிக் கல்லூரிகளிலும், மலைத் தோட்டத்துப் பள்ளிகளிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அளவை மனப்பாடமாகச் சொல்லாதீர்கள், இயந்திரத்தைக் கேளுங்கள். இடம் மாறினால் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்படி கருவியைச் செய்யுங்கள்.

கருவி இப்போது ஒழுங்காக ஓடுகிறது. டீச்சர் இன்றும் காலை 8.30-க்குக் கண்ணாடிக் குழாயில் அளந்து, நோட்டில் எழுதி, பக்கத்திலேயே எங்கள் கணக்கையும் எழுதி வைக்கிறார். போன மாதம் போனபோது, "இனிமே கண்ணாடி வேண்டாமே டீச்சர்?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"இருக்கட்டும் ஸார். அன்னைக்கு இது இல்லாட்டி உங்க சுழியை நான் நம்பியிருப்பேன்" என்றார்.